டீடூப் போட்டால் பர்மிஷன் என்ன ஆகும்? ஒரு ஃபைல் சர்வர் அனுபவம்

திருமண ஆல்பம் வடிவமைக்கும் ஒரு சின்ன அலுவலகத்தின் ஃபைல் சர்வரைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ், அதன் மேல் சாம்பா (மற்ற கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் வழியாக ஃபைல்களைத் திறக்க உதவும் மென்பொருள்). இங்கே இடம் எப்படித் தீரும் என்று சொல்லவே வேண்டாம். கேமராவிலிருந்து வரும் ஃபோல்டரை எடிட்டர் ஒரு காப்பி எடுப்பார், டிசைனர் ஒரு காப்பி எடுப்பார், "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொன்று எங்காவது கிடக்கும்.

இப்படி ஒரே டேட்டா பல காப்பிகளாக இருக்கும்போது ஒன்றை மட்டும் வைத்து இடத்தை மிச்சப்படுத்துவதுதான் டீடூப். எனக்கு முன்பு இருந்தவர் இதற்கு ஹார்ட் லிங்க் முறையை, அதாவது ஒரே ஃபைலுக்குப் பல பெயர் வைக்கும் முறையை, வைத்திருந்தார். ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) போட்ட டிஸ்க், அதில் ஆர்டிஃபைண்ட் என்ற மென்பொருள். ஒரே மாதிரியான ஃபைல்களைத் தேடி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு லிங்க் ஆக்கிவிடும். இடம் நன்றாகவே மிச்சமானது. சிக்கல் என்னவென்றால், ஓனர், குரூப், பர்மிஷன் எல்லாம் ஐநோடில் (ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) இருக்கின்றன, பெயரில் இல்லை. ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருக்கிற மாதிரிதான் ஹார்ட் லிங்க். ஃபைல் பட்டியலைக் காட்டும் 'எல்எஸ் -எல்ஐ' கட்டளையைப் போட்டுப் பார்த்தால் இரண்டு ஃபோல்டரிலும் ஒரே ஐநோட் எண், பக்கத்தில் லிங்க் எண்ணிக்கை 2. எடிட்டர் பக்கம் பர்மிஷனை மாற்ற 'சிஎச்மோட் 640' (ஓனர் படிக்கலாம், எழுதலாம்; குரூப் படிக்க மட்டும்; மற்றவர்களுக்கு எதுவும் இல்லை) என்று கொடுத்தால் டிசைனர் பக்கமும் 640 ஆகிவிடும். அந்த குரூப்பில் இல்லாத டிசைனர் காலையில் கூப்பிடுவார்: "ஃபைல் ஓப்பனே ஆகலைங்க."

இதைவிட மோசம், சேமிக்கும் விதம். சில மென்பொருள்கள் புது ஃபைல் எழுதிப் பழைய பெயரை அதற்கு மாற்றும். அப்போது லிங்க் அறுந்துவிடும், பாதிப்பில்லை. சில அதே ஃபைலின் மேலேயே எழுதும். ஒருவர் வெளிச்சத்தைக் கூட்டினால் எல்லோருடைய படமும் மாறிவிடும். எது எப்படிச் செய்யும் என்று யாருக்கு நினைவிருக்கும்?

பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு மாறியது இதற்காகத்தான். இரவில் டூப்ரிமூவ் என்ற டீடூப் மென்பொருள் ஓடுகிறது. ஃபைல்களைத் துண்டு துண்டாக ஹாஷ் செய்து (ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை மாதிரி ஒரு சின்ன எண் கணக்கிட்டு), ஒத்துப்போகும் இடங்களைச் சேர்க்கும்படி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைக் கேட்கும். கெர்னல் ஹாஷை நம்பாது. இரண்டு பக்கத்தையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் டேட்டாவைப் பகிர வைக்கும். ஐநோட்கள் தனித்தனியாகவே இருக்கும். அதனால் ஓனர், பர்மிஷன், தேதி எதுவும் அசையாது. யாராவது எழுதினால் அது வேறு இடத்துக்குப் போகும். எடிட்டர் 640, டிசைனர் 660 (குரூப்பும் எழுதலாம்), டேட்டா ஒன்றே. 'ஓப்பன் ஆகலை' அழைப்புகள் சுத்தமாக நின்றுவிட்டன. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: எழுதும் உரிமையோ ஓனர் என்ற தகுதியோ இல்லாத ஃபைலை டீடூப் செய்யக் கெர்னல் விடாது. ஆகவே இந்த வேலையை எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில்தான் ஓட்டுகிறேன்.

இன்னொரு ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ் ஏன் இல்லை என்று கேட்பார்கள். எழுதும்போதே டீடூப் செய்யும் அதன் வழக்கமான முறையில் ஒவ்வொரு பிளாக்குக்கும் (டேட்டா துண்டு) அட்டவணையில் ஒரு பதிவு, நினைவகத்தில் சுமார் 320 பைட். 128 கேபி பிளாக் என்றால் 1 டிபிக்கு 80 லட்சத்துக்கும் மேல் பதிவுகள், இரண்டரை ஜிபி ராம். ஃபைல்கள் சின்னதானால் இன்னும் ஏறும். 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 இதை வெகுவாகச் சீர்படுத்தியிருக்கிறது. இருந்தாலும் ராத்திரி சும்மா நிற்கும் சர்வருக்கு அது தேவைப்படவில்லை.

சரி, குறைகள். பழைய ஸ்னாப்ஷாட்கள் (ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பவை) இருக்கும்வரை டீடூப் செய்தும் இடம் விடுபடாது. அவை பழைய டேட்டாவைப் பிடித்துக்கொண்டிருக்கும். சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் டீஃப்ராக் போட்டால் பகிர்ந்திருந்தவை மறுபடி பிரிந்துவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம். ஜேபெக் படத்தை எடிட் செய்து சேமித்துவிட்டால் அனேகமாக எந்த பைட்டும் பழையதோடு ஒத்துப்போகாது, அதில் மிச்சம் எதுவும் கிடைக்காது. அப்புறம் ஃபைல்கள் பிடிக்கும் இடத்தைச் சொல்லும் 'டியூ' கட்டளை காட்டும் கணக்கு: பகிர்ந்த டேட்டாவையும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாகக் கூட்டிக் காட்டும். உண்மை நிலவரம் 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் டியூ' கட்டளையில்தான் தெரியும்.

ஆனால் பேக்கப் டிஸ்க் வாங்கும்போது அந்தக் கூட்டிக் காட்டும் கணக்குதான் உதவுகிறது. பேக்கப் காப்பி எடுக்கும் ஆர்சிங்க் மென்பொருளுக்கு இந்தப் பகிர்வு தெரியாது. ஹார்ட் லிங்க்கையாவது '-எச்' கொடுத்தால் காப்பாற்றும், இதை முழு அளவுக்கு விரித்தே காப்பி செய்யும். எங்கள் பேக்கப் டிஸ்க் சர்வரில் இருப்பதைவிடப் பெரியது. ஏன் என்று முதலாளி ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்.