நேர அட்டவணையா, தெம்புக் கணக்கா?

கொப்பியில் கோடு கீறி, மணித்தியாலக் கணக்கில் வேலையைப் பிரிப்பது ஒரு வழி. மூளை எப்போது ஓடுகிறது, எப்போது சோர்கிறது என்று பார்த்து அதற்கேற்ப வேலையை வைப்பது இன்னொரு வழி. மேசையிலிருந்து படிப்பவருக்கும் எழுதுபவருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அட்டவணையின் நன்மை தெரிந்ததுதான்: தவணை தப்பாது. உயர்தரக் கட்டுரை வினாத்தாளை மூன்று மணித்தியாலத்துக்குள் எழுதிப் பழகவும் கடிகாரம்தான் வேண்டும். ஆனால் விடிய 6 மணிக்கும் பின்னேரம் 2 மணிக்கும் அது ஒரே விலை போடுகிறது. வழு அங்கேதான்.

மத்தியானம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் உடலின் உட்கடிகாரமே ஒரு சரிவைக் கொண்டுவரும். சாப்பிடாவிட்டாலும் வரும், குவித்துப் போட்ட சோறும் சித்திரை, வைகாசி வெக்கையும் அதைக் கூட்டிவிடும். வீட்டிலிருந்து லண்டன் நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள் பாடுதான் மோசம். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே இலங்கையில் பின்னேரம் 2.30, அங்கே கோடையானால் 1.30. அவர்கள் துடிப்பாகத் தொடங்கும்போது இங்கே கண் சொருகும். அந்த நேரத்தில் புதுக் கணக்கைத் தொடங்கினால் இரவு முழுக்கப் பிழை திருத்த வேண்டியதுதான். யோசிக்க வேண்டிய பகுதியை விடிய 5.30 முதல் 8 மணிக்குள் முடித்துவிட்டு, பின்னேரத்தைக் கதைப்பதற்கும் மின்னஞ்சலுக்கும் பில் அடுக்குவதற்கும் விடுங்கள்.

சரிவை இல்லாமல் செய்ய முடியாது, குறைக்கலாம். சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, வறையையும் பருப்பையும் கூட்டுங்கள். சரிந்து படுப்பதானால் 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அரை மணித்தியாலம் தாண்டினால் ஆழ்ந்த நித்திரைக்குள் போய்விடுவீர்கள். எழும்பும்போது முன்னதிலும் மந்தமாக இருக்கும். குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டுப் போக ஏறக்குறைய 5 மணித்தியாலம் எடுக்கும். அதனால் இரவு 10 மணிக்குப் படுப்பவருக்கு 4 மணித் தேத்தண்ணி கூடாது. அதை விடச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் யார் கேட்கப்போகிறார்கள்? சாயத்தையாவது குறையுங்கள்.

தெம்புக் கணக்குக்கும் ஒரு பராமரிப்புச் செலவு உண்டு. அது நித்திரை. ‘விடிய 4 மணிக்கு எழும்பிப் படி’ என்று பெரியவர்கள் சொன்னது, இரவு 8 மணிக்கே விளக்கணைத்த காலத்துக்குச் சரி. ரியூசன் முடிந்து வந்து 12 மணிக்குப் படுத்த பிள்ளையை 4 மணிக்கு எழுப்பினால் புத்தகம்தான் விரிந்திருக்கும். அந்த வயதுக்கு 8 மணித்தியாலமாவது நித்திரை வேண்டும்.

தொடங்குவதற்கு ஒரு கிழமை போதும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அப்போதைய தெம்புக்கு 1 முதல் 5 வரை புள்ளி போடுங்கள். நல்லூர்த் திருவிழாவிலோ கலியாண வீட்டுக் கிழமையிலோ தொடங்கினால் புள்ளி பிழைக்கும். அடிக்கடி 4, 5 வரும் இரண்டு மணித்தியாலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்குள் போனை வேறு அறையில் வையுங்கள். மிச்ச நேரத்தை அட்டவணையே ஆளட்டும்; அதிலும் காற்பங்கை வெறுமையாக விடுங்கள், கரண்ட் போகும், ஆட்கள் வருவார்கள்.

கடை வைத்திருப்பவர், இரவு பகல் மாறி வேலை செய்யும் தாதியர், கைக்குழந்தை உள்ள தாய் ஆகியோருக்கு இதை அப்படியே சொல்லத் துணியமாட்டேன். நேரத்தைத் தெரிவுசெய்யும் வசதி அவர்கள் கையில் இல்லை. 20 நிமிடப் படுக்கையும் தேத்தண்ணிக் கணக்கும் மட்டும் அவர்களுக்கும் உதவக்கூடும்.