போக்கிரியும் பாதிரியார் மகளும்

ஆடம் ஷாங்க்மன் இயக்கி 2002-இல் வெளிவந்த ‘எ வாக் டு ரிமெம்பர்’ திரைப்படத்தை, நோயைக் காட்டிக் கண்ணீர் வரவழைக்கும் படங்களுள் ஒன்றென்று ஒதுக்குவோர் அதன் முற்பகுதியைக் கவனிப்பதில்லை. வட கரோலினாவின் கடலோரச் சிற்றூரான போபர்ட்டில், பழைய ஸ்வெட்டரைச் சக மாணவர்கள் கேலி செய்தாலும் பொருட்படுத்தாமல் நடப்பவள் பாதிரியாரின் மகள் ஜேமி. ஒரு மாணவன் படுகாயமடையக் காரணமான குறும்புக்குத் தண்டனையாகப் பள்ளி நாடகத்தில் நடிக்க நேர்ந்தவன் லாண்டன். ஜேமியின் அடக்கத்தைக் கூச்சமாகக் காட்டாமல், தன்னை நன்கறிந்தவளின் நிதானமாக மாண்டி மூர் நடித்திருப்பதே படத்தின் பெரும்பலம். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க விரும்பும் அவளை, லாண்டன் மாநில எல்லைக்கோட்டின் மேல் நிறுத்தும் காட்சி, எந்தக் காதல் வசனத்தையும்விட நன்றாக அவன் மாற்றத்தைச் சொல்கிறது. படத்துக்கு மூலமான, நிக்கோலஸ் ஸ்பார்க்ஸின் 1999-ஆம் ஆண்டு நாவலில் கதை 1950-களில் நடக்கிறது. அங்கே லாண்டன் இவ்வளவு முரடனும் அல்லன். அவனை முரடனாக்கியது திரைக்கதைக்கு வலுவூட்டியிருக்கிறது என்பேன். ஆனால், ஜேமியின் நோய் தெரிந்தவுடன், அதுவரை அவளை இழிவுபடுத்திய நண்பர்கள் ஓரிரு காட்சிகளிலேயே திருந்தி வந்து நிற்பது நம்பும்படியாக இல்லை.