மலையில் ஏஎம்டி கார்: கிளட்ச் மாற்றிய பிறகு எழுதுவது

கிளட்ச் மாற்றி வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலி, லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோன செலவு எல்லாம் சேர்த்து இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், பில்லை நீட்டிக்கொண்டே அந்த சர்வீஸ் அட்வைசர் "மேடம், நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்றாரே, அதுதான் மனசு ஆறவில்லை. கோத்தகிரியில் பிறந்து, இந்த ரோட்டிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டு, தினமும் குன்னூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள் நான். இதற்கு முன் வைத்திருந்த மேனுவல் கார் இதைவிட இரண்டு மடங்கு ஓடியது, அதை விற்கும்வரை கிளட்ச்சைத் தொடவே இல்லை.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. 1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் ஏஎம்டி, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் கியர் தானாக மாறுகிற வகை என்று தெரிந்தால் போதும். ஏனென்றால் இந்த விலையில் வருகிற ஏஎம்டி எல்லாவற்றிலும் உள்ளே இருக்கிற சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான். 2014இல் நம் நாட்டுக்கு மாருதி செலேரியோ காரில் முதலில் வந்ததிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே ஒற்றைக் கிளட்ச் பிளேட். நம் இடது காலும் இடது கையும் செய்த வேலையை மட்டும் ஒரு கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டிருக்கிறது. விலை கூடிய கார்களில் வருகிற டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய் நின்று விசையைக் கடத்துகிறது, மேட்டில் ஊர்ந்தால் அந்த எண்ணெய் சூடாகும், அவ்வளவுதான். ஏஎம்டியில் மேட்டில் ஊர்ந்தால் தேய்வது பிளேட். வாங்கும்போது இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. மேனுவலைவிட அரை லட்சம் போலத்தான் கூடுதல், கிளட்ச் மிதிக்கவே வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

மிதிக்க வேண்டாம் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இடது முட்டி தேய்ந்துவிட்டது. ஐம்பது வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது, நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் கொடுக்க வேண்டிய படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழுக்காக டாக்டரிடம் உட்கார்ந்தேன். கண், காது கேட்டுவிட்டு, ஓட்டுவதற்கு இடைஞ்சலாக உடலில் ஏதாவது குறைபாடு இருக்கிறதா என்ற கேள்விக்கு வந்ததும் அவர் பேனாவை வைத்துவிட்டு முட்டியை மடக்கி நீட்டச் சொன்னார். "கிளட்ச் மிதிக்காத வண்டின்னா தாராளமா ஓட்டுங்க, மலையில மேனுவல் வேண்டாம்" என்றார். நேர்மையான மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் புதுப்பித்தால் அறுபது வயது வரை லைசென்ஸ் செல்லும், அதனால் அறுபது வரை ஓட்டியாக வேண்டும் என்று ஒரு பிடிவாதமும் எனக்கு வந்துவிட்டது. அதற்காகவே இந்த வண்டி. முட்டியைப் பொறுத்தவரை இது எனக்குச் செய்த உபகாரத்தை மறக்க மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் வீங்காமல் சமையலறையில் நிற்க முடிகிறது.

ஆனால் மேட்டில் ஊர்கிற அந்த ஒரு விஷயம் இருக்கிறதே! மே மாதம் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பார்க்கில் பழக்கண்காட்சி, ஊட்டியில் மலர்க்கண்காட்சி. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, இறங்குகிறவற்றை எங்கள் ஊர் வழியாக அனுப்புவார்கள். அந்த நாட்களில் சிம்ஸ் பார்க் பக்கம் ஏற்றத்தில் வரிசை நிற்கும், ஒரு அடி நகரும், நிற்கும், மறுபடி அரை அடி நகரும். மேனுவலில் நாம் என்ன செய்வோம், முன்னால் இடம் விழும்வரை ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நின்று, பிறகு ஒரே மூச்சில் ஏறுவோம். ஏஎம்டியில் பிரேக்கை விட்டதுமே கம்ப்யூட்டர் பாதிக் கிளட்ச்சில் வண்டியை முன்னால் நகர்த்தப் பார்க்கிறது. சமதளத்தில் அது சுகம். ஏற்றத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அதற்கு இழுக்கப் பலம் போதாது, பின்னால் உருளும், நாம் ஆக்சிலரேட்டரைத் தொடுவோம், பிளேட் வழுக்கிக்கொண்டே சுழலும், அப்போது ஒரு கருகல் வாசனை வரும். ஒருமுறை மோந்தால் மறக்காது. மேட்டில் பிரேக்கை விட்டதும் வண்டி உருளாமல் பிடிக்கிற ஹில் ஹோல்டு இருக்கிறதே என்பார்கள். அது ஓரிரு நொடி பிடிக்கும், முன்னால் நிற்கிற டூரிஸ்ட் வேன் அந்த நேரத்துக்குள் கிளம்பாது.

இதில் உயரம் வேறு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும், காற்று அவ்வளவு மெலிசு. கோத்தகிரியே 1,800 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஊட்டி 2,240. கோவையில் மிதித்த அதே அளவு மிதித்தால் இங்கே வண்டி கிளம்பாது, கூடுதலாக மிதிக்க வேண்டும், கூடுதலாக மிதித்தால் பிளேட் கூடுதலாக வழுக்கும். இதற்கும் நான் ஓட்டுகிற விதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆக்சிலரேட்டரால் வண்டியை மேட்டில் நிறுத்திப் பிடிக்காதீர்கள் என்று கையேட்டில் பின்பக்கம் எங்கேயோ ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. நான் பிடித்ததே இல்லை. ஊர்வதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

எல்லாவற்றையும்விட மோசம் மேட்டில் ரிவர்ஸ். எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது, நுழைகிற பாதை செங்குத்து. காலையில் முன்பக்கமாக இறங்கினால் வளைவில் வருகிற வண்டி தெரியும் என்பதற்காகப் பழைய காரை ரிவர்ஸில் ஏற்றி நிறுத்துவேன். இதில் அப்படி ஏற்றினால் பாதியிலேயே டேஷ்போர்டில் கியர் விளக்கு மினுக்கி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிடும், கிளட்ச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் நியூட்ரலில் போட்டு இன்ஜினை ஓடவிட்டு ஒரு கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். இப்போது முன்பக்கமாகவே ஏற்றி, காலையில் பின்பக்கமாக ரோட்டுக்கு இறங்குகிறேன். பனிமூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து நின்று கை காட்டினால்தான் இறங்க முடிகிறது.

நிறுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை, புதிதாக வாங்குகிறவர்கள் இதைத் தெரியாமல் இருக்கக் கூடாது. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 'பி', அதாவது நிறுத்திப் பூட்டுகிற பார்க்கிங் நிலை, கிடையாது. நியூட்ரலில் விட்டுவிட்டு ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிப் போகக் கூடாது. முகம் மேட்டைப் பார்த்திருந்தால் முன்னால் ஓட்டுகிற 'டி'யில், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸான 'ஆர்'இல் வைத்து இன்ஜினை அணைத்தால் கியர் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் ஹேண்ட்பிரேக், அதற்கு மேல் சக்கரத்துக்கு ஒரு கல். மலையில் கல் வைப்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். எங்கள் டானிங்டன் பக்கத்து மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி பிளேட்டை மாற்றிவிடுவார், கை சுத்தம். ஆனால் புது பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் போட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டும், அது செய்யாமல் ஓட்டினால் வண்டி உதறும். அவரிடம் அந்த ஸ்கேனர் இல்லை. "அக்கா, பாதி வேலைய நான் செஞ்சு பாதிய அவங்க செஞ்சா நாளைக்கு ரெண்டு பேரும் உங்களத்தான் குறை சொல்வோம், நேரா அங்கயே விடுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால்தான் லாரி, மேட்டுப்பாளையம் இறக்கம், அலைச்சல் எல்லாம்.

இன்சூரன்ஸில் கிடைக்காதா என்று நிறைய பேர் கேட்டார்கள். கிடைக்காது. ஃபுல் கவர் என்று நாம் சொல்கிற பாலிசியிலும் தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் விலக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. நீட்டித்த வாரண்டியிலும் கிளட்ச் தேய்கிற பாகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வண்டியை இழுத்துவருவதற்குப் பாலிசியில் ஒரு தொகை இருக்கிறது, அது விபத்துக்கு மட்டும், அதுவும் தனியார் காருக்கு 1,500 ரூபாய் வரைதான். மலையில் அந்தப் பணத்துக்கு லாரிக்காரர் போனைக்கூட எடுக்க மாட்டார். வழியில் நின்றுபோனால் உதவி என்று தனியாக ஒரு ஆட்-ஆன் விற்கிறார்கள், அதை எடுங்கள், எடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர் வரை இழுப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆனால் அதே பாலிசி இன்னொரு தடவை கைகொடுத்தது, அதையும் சொல்லாமல் இருப்பது சரியில்லை. ஒரு ராத்திரி காட்டுமாடு தோட்டத்திலிருந்து இறங்கி வந்து முன்பக்கத்தை முட்டிவிட்டுப் போய்விட்டது. பம்பர், ஹெட்லைட், பேனட். ஜீரோ டெப், அதாவது பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கிற ஆட்-ஆன், எடுத்திருந்ததால் முழுசாகக் கொடுத்தார்கள், நாம் போட்டே ஆக வேண்டிய கட்டாயப் பங்கு ஆயிரம் ரூபாய் மட்டும் என் கையிலிருந்து. ஜீரோ டெப் இல்லையென்றால் பிளாஸ்டிக் பாகம் எல்லாவற்றுக்கும் பாதிப் பணம்தான், இந்தக் காலத்துக் காரில் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக். அடுத்த வருஷம் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காதவர்களுக்குக் கிடைக்கிற பிரீமியம் தள்ளுபடி, போனது, போகட்டும். மலையில் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கு மட்டுமான தேர்டு பார்ட்டி மட்டும் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். மண்சரிவு, பாறை உருள்வது எல்லாம் சொந்தச் சேதப் பிரிவில்தான் வருகிறது. 2009 நவம்பர் மழையைப் பார்த்தவர்கள் இங்கே யாரும் அதை மிச்சம் பிடிக்க நினைக்க மாட்டார்கள்.

இவ்வளவு திட்டினாலும் இறக்கத்தில் இந்த வண்டியை எனக்குப் பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும். 'டி'யில் இறங்கக் கூடாது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அது மூன்றாவது, நாலாவது என்று தூக்கிக்கொண்டே போகும், வண்டி ஓட்டமெடுக்கும், நாம் பிரேக்கிலேயே தொங்குவோம். லீவரை, கியரை நாமே மாற்றுகிற 'எம்' பக்கம் தள்ளி இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் அப்படியே பிடித்துக்கொள்கிறது. உள்ளே நிஜமான கியரும் நிஜமான கிளட்ச்சும் இருப்பதால் இன்ஜின் பிரேக்கிங் மேனுவல் மாதிரியே கிடைக்கிறது. அரவேனு தாண்டி குஞ்சப்பனை வழியாக இறங்கும்போது வளைவுக்கு முன்னால் ஒரு தொடு, அவ்வளவுதான். பிரேக் பேடு இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. எதிரே ஓரமாக நிறுத்தி, சக்கரத்திலிருந்து புகை வர, தண்ணீர் பாட்டிலோடு நிற்கிற வெளியூர்க் குடும்பங்களைப் பார்த்தால் இறங்கிப்போய்ச் சொல்லத் தோன்றும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எங்கள் ஊர் ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறினால் 155 வரைக்கும் இறங்கிவிடலாம், கொதித்துக் குமிழி வந்துவிட்டால் பெடல் தரைக்குப் போகும்.

ஏறும்போதும் 'எம்'இல் ஒன்றாவதில் வைத்தால் கியரைத் தேடித் தடுமாறாது, கியர் மாறும்போது நம்மை முன்னும் பின்னும் ஆட்டுகிற தலையாட்டல் குறையும். புது கிளட்ச் போட்ட பிறகு நெரிசலில் நான் பிடிவாதமாக முன்னால் இரண்டு மூன்று கார் நீளம் இடம் விடுகிறேன். நியூட்ரல், ஹேண்ட்பிரேக். இடம் விழுந்ததும் ஒரே ஏற்றமாக ஏறி மறுபடி நிற்பது. பின்னால் ஹாரன் கிழியும். அடிக்கட்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து குன்னூரில் இருக்கும் சித்தி மகன், "அக்கா, ஏஎம்டி எடுத்துடட்டுமா, நீங்கதான் இறக்கத்துல அவ்ளோ நல்லா இருக்குன்னு சொல்றீங்களே" என்று நச்சரிக்கிறான். கால் நன்றாக இருக்கிறது, வயசு முப்பத்திரண்டு, வீடு என் வீட்டைவிடச் செங்குத்தான சந்தில். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வண்டியை நான் விற்கப் போவதில்லை, எனக்கு வேறு வழியும் இல்லை, வேறு ஆசையும் இல்லை. அவனுக்கு மேனுவல் போதும், அந்த அரை லட்சத்தை நல்ல டயருக்கும் ஜீரோ டெப்புக்கும் போடட்டும். அப்படியும் மனசு கேட்கவில்லையென்றால் டெஸ்ட் டிரைவை கோவை அவிநாசி ரோட்டில் எடுக்க வேண்டாம். வண்டியை மேலே கொண்டுவரச் சொல்லி, பின்சீட்டில் சித்தியையும் இன்னும் இரண்டு பேரையும் உட்காரவைத்து, அந்தச் சந்தில் விற்கிறவரையே ரிவர்ஸில் ஏற்றிக் காட்டச் சொல்லட்டும்.