சத்தம் வராது என்று சொல்லி ஜன்னல் விற்பவர்களிடம் ஜாக்கிரதை

சென்னை புறவழிச்சாலை ஓரம் குடியிருக்கும் யாராவது இப்போது சவுண்ட் ப்ரூஃப் ஜன்னலுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் ஏமாற்றப்பட்ட அதே முறையில் எங்கள் குடியிருப்பிலேயே இன்னும் சிலரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீடு மதுரவாயலுக்கும் போரூருக்கும் நடுவே, மூன்றாவது மாடி. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே பைபாஸ். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வரும் கண்டெய்னர் லாரிகள் இரவு பத்து மணிக்கு மேல்தான் வரிசை கட்டும். மேல்மாடி என்றால் சத்தம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். கீழ்வீட்டுக்காவது காம்பவுண்ட் சுவர் கொஞ்சம் மறைக்கும். எங்களுக்கு அதுவும் இல்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே போனில் அளந்தால் நள்ளிரவிலும் 70-ஐ ஒட்டியே நிற்கும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. தூக்கமே இல்லாமல் அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் ஜன்னலை மாற்ற முடிவு செய்தோம்.

ஷோரூமில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் கீச்சென்று அலறும் ஒரு ஹாரன். பெட்டியின் ஜன்னலை மூடியதும் சத்தம் காணாமல் போனது. "லாரி போறதே தெரியாது சார், 40 டெசிபல் குறையும், தூசும் உள்ள வராது" என்றார் விற்பனையாளர். சாதாரண யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் ஃப்ரேம்) ஜன்னலைப் போல இரண்டு மடங்கு விலை, 80 சதவீதம் முன்பணம். எஸ்டிமேட்டில் "டபுள் கிளாஸ், சவுண்ட் ப்ரூஃப்" என்று மட்டும் இருந்தது. கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "ஷோரூம்ல பார்த்த அதே மாடல்தான் சார்" என்று பதில் வந்தது.

வந்து மாட்டியது அது இல்லை. ஷோரூமில் இருந்தது கதவு போல் திறந்து, ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்தி மூடும் கேஸ்மென்ட் ஜன்னல். எங்களுக்கு வந்தது ஸ்லைடிங். கேட்டால், "கிரில் இடிக்கும் சார்" என்றார்கள். உள்பக்கம் திறக்கும் கேஸ்மென்ட் இருக்கிறதே என்றதற்குப் பதிலே இல்லை. ஸ்லைடிங்கில் நகரும் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே இருப்பது வெறும் நூல் பிரஷ்தான். காற்று நுழையும் இடத்தில் சத்தமும் நுழையும். ஃப்ரேமுக்கும் சுவருக்கும் இடையே தெர்மோகோல் துண்டுகளைத் திணித்து, மேலே ஒயிட் சிமெண்ட் பூசியிருந்தார்கள். முதல் மழையிலேயே இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஆவி படிந்தது. தொழிற்சாலையில் ஈரம் உறிஞ்சும் மணிகள் வைத்து முறையாகச் சீல் செய்த கண்ணாடியில் இப்படி உடனே படியாது. இது எங்கோ பட்டறையில் பசை போட்டு ஒட்டியது.

அளந்து பார்த்தேன். பழைய அலுமினிய ஜன்னலை மூடினால் அறைக்குள் 58 காட்டிய அதே போன், புது ஜன்னலுக்குப் பிறகு 56 காட்டியது. போன் செயலி துல்லியமான கருவி இல்லை என்றாலும், முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். 10 டெசிபல் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். 2 டெசிபல் தெரியவே தெரியாது. அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏன்டா, இதுக்கா இவ்வளவு காசு வாங்கினாங்க?"

அந்தப் பெட்டி டெமோவே ஏமாற்று வேலை. கீச்சு ஒலியை எந்தக் கண்ணாடியும் எளிதாகத் தடுத்துவிடும். லாரி எஞ்சினின் உறுமல் தாழ்ந்த ஒலி, அதுதான் ஊடுருவும். ஒரே தடிமனில் இரண்டு மெல்லிய கண்ணாடியைக் குறுகிய இடைவெளியில் வைத்தால் அந்த உறுமலுக்குப் பெரிதாகப் பயனில்லை. உண்மையில் உதவுவது, நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கனமான லேமினேட்டட் கண்ணாடி, வெவ்வேறு தடிமனில் இரண்டு கண்ணாடிகள், சுற்றிலும் இடைவெளி விடாத ரப்பர் சீல். இவற்றைத் தடிமனோடு, திறக்கும் முறையோடு, ஆய்வகச் சோதனை அறிக்கையோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மீதிப் பணம் கொடுக்கும் முன் இரவில் போன் டார்ச்சைச் சற்றுச் சாய்வாகக் கண்ணாடியில் அடித்துப் பாருங்கள். டபுள் கிளாஸில் நான்கு பிம்பங்கள் தெரியும். ஒற்றைக் கண்ணாடியில் இரண்டுதான். லேமினேட்டடிலும் பெரும்பாலும் இரண்டுதான் தெரியும், அதனால் அதற்கு விளிம்பில் நடுப் படலம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரேமில் வலுவான காந்தமும் ஒட்டவில்லை என்றால் உள்ளே இரும்பு வலுவூட்டல் இல்லாமல் இருக்கலாம்.

தூசு விஷயத்திலும் சொன்னது பொய். ஸ்லைடிங் தண்டவாளத்தில் தண்ணீர் வடிய விடும் துளை வழியாகவே கறுப்புத் தூசு வருகிறது. டீசல் புகைக்கரி, டயர் தேய்ந்த பொடி, பிரேக் பொடி எல்லாம் அதில் உண்டு. தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுத்துவிடுகிறது. நல்ல ஜன்னலே போட்டாலும், எல்லாவற்றையும் இறுக்கி மூடி ஸ்பிளிட் ஏசி ஓட்டினால் போதாது. அது வெளிக்காற்றைக் கொண்டுவராது. சாலைக்கு எதிர்ப்புற ஜன்னலை, வண்டி குறைவான நேரத்தில் திறந்துவிட வேண்டும்.

புகார் சொன்னதும் ஆள் வந்து விளிம்பில் சிலிக்கான் தடவிவிட்டு, "இதுதான் சார் அதிகபட்சம்" என்று சொல்லிப் போய்விட்டார். அப்புறம் போனை எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். அதிலும் தீராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எஸ்டிமேட், பணம் கட்டிய ரசீது, அந்த வாட்ஸ்அப் செய்தி, ஆவி படிந்த கண்ணாடியின் தேதியுள்ள படங்கள் எல்லாவற்றையும் இணைத்தோம். இதே போல மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், அந்தச் செய்திகளை அழிக்காமல் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.