கோ-ஒர்க்கிங் இடத்தில் அறை எடுக்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

மூன்று மாத டெபாசிட் திரும்ப வராது என்று சற்று முன்புதான் மெயில் வந்தது. ஒரே வரி. கீழே யார் பெயரும் இல்லை, "டீம்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பல கிளைகள் வைத்திருக்கிற, கண்ணாடித் தடுப்பும் காபி மெஷினுமாகப் பார்க்கவே பளிச்சென்று இருக்கிற ஒரு பகிர்வு அலுவலகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம். வாடிக்கையாளர்களின் சம்பளப் பட்டியல், வரிக் கணக்கு எல்லாம் எங்களிடம்தான் இருக்கும். அதனால் இடம் பார்க்கப் போனபோதே கதவுப் பூட்டு, வைஃபை, தீப்பாதுகாப்பு இந்த மூன்றையும் விடாமல் கேட்டேன். மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்த தீப்பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டி, "எங்களுக்கு சேஃப்டிதான் முதல்ல மேடம், மத்ததெல்லாம் அப்புறம்தான்" என்றார். பின்பக்க அவசரப் படிக்கட்டு வரை கூட்டிப் போய்க் கதவைத் தள்ளித் திறந்தே காட்டினார். இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டேன். "எல்லாம் கவர் ஆகும் மேடம், இது எல்லாருக்கும் போடற ஒப்பந்தம்தான்" என்று டேப்லெட்டை நீட்டினார். ஒருவர் நம் கண் முன்னால் கதவைத் திறந்து காட்டிவிட்டுச் சொல்கிறபோது நம்பத்தான் செய்வோம். அன்றைக்கே மூன்று மாத டெபாசிட்டை அனுப்பினோம்.

கொஞ்ச நாளில் கூடத்தில் மேஜைகள் கூடிக்கொண்டே போயின. பிளக் பாயின்ட் போதவில்லை, ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னொன்று, அதில் இன்னொன்று என்று தரைவிரிப்புக்கு அடியில் செருகி வைத்தார்கள். மீதி நாற்காலிகளை அந்த அவசரக் கதவுக்கு முன்னால் அடுக்கினார்கள். ஆப்பில் புகார் போட்டேன். யாரும் வந்து பார்க்காமலேயே "தீர்க்கப்பட்டது" என்று பச்சை டிக் விழுந்தது. திரும்பப் போட்டேன், திரும்பவும் அதே டிக்.

கடைசியில் அந்தப் பெட்டிதான் எங்கள் அறைச் சுவரை ஒட்டிப் புகைந்து எரிந்தது. பின்பக்கம் ஓடினோம். நாற்காலிகளைத் தள்ளிப் பார்த்தால் கதவில் பூட்டு தொங்குகிறது. உள்ளே இருப்பவர்கள் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும், அவசரக் கதவுக்கு அதுதான் அடிப்படையே! புகைக்குள்ளேயே திரும்பி முன்வாசல் வழியாக வெளியே வந்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கூடத்தில் இருந்த தம்பி ஒருவர் தீயணைப்பானை எடுத்து அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. பிறகு போய்ப் பார்த்தேன்: முள் பச்சைப் பகுதியில் இல்லை, சிவப்பில் கிடந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் மாதாமாதம் பார்த்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டங்கள் எல்லாம் காலி. வேறொன்றைத் தேடி எடுத்து அணைத்தார்கள், அது பவுடர் வகை. பவுடர் எங்கள் லேப்டாப்புகளுக்குள்ளும் பேக்கப் டிரைவுக்குள்ளும் இறங்கிவிட்டது. அந்தப் பவுடர் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும். கார்பன் டை ஆக்சைடு வகை வைத்திருந்தால் இந்தப் படிவே இருந்திருக்காது. அந்தச் சான்றிதழையும் அப்போதுதான் கிட்டே போய்ப் படித்தேன். அது வேறொரு தளத்துக்கு வாங்கியது.

இதற்கு மேல் அங்கே எப்படி உட்காருவது? காலி செய்தோம். டெபாசிட்டைக் கேட்டால் மேனேஜர் "அது சென்ட்ரல் டீம் மேடம்" என்றார். சென்ட்ரல் டீம் டிக்கெட் போடச் சொன்னது. டிக்கெட்டுக்கு வந்த பதில், கிளை மேனேஜரைப் பாருங்கள் என்று. அந்த மேனேஜர் வேறு கிளைக்குப் போய்விட்டாராம், வந்தவருக்கு எதுவும் தெரியாதாம். கட்டிட உரிமையாளரிடம் போனால், "உங்களோட எனக்கு எந்த ஒப்பந்தமும் இல்லையே" என்கிறார். கடைசியாக இன்றைய மெயில்: குறைந்தபட்சக் காலம் முடியும் முன் நாங்களாகவே வெளியேறினோமாம், சுவருக்குப் பெயின்ட் செலவு வேறாம், மூன்று மாத டெபாசிட் அதில் கழிந்துவிட்டதாம். அவர்கள் பெட்டி எரிந்து கருகிய சுவருக்கு எங்கள் பணத்தில் பெயின்ட்!

வக்கீல் ஒப்பந்தத்தைப் படித்து விளக்கினார். இது குடித்தனம் இல்லை, பயன்படுத்திக்கொள்ள ஓர் அனுமதி, அவ்வளவுதான். வாடகைதாரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது. அவர்களுடைய இன்ஷூரன்ஸ் அவர்களுடைய பொருளுக்கும் பொறுப்புக்கும்தான், நம் பொருளுக்கு நாம்தான் தனியாக எடுக்க வேண்டும். கவனக்குறைவால் நம் பொருள் போனாலும் பொறுப்பில்லை என்று ஒரு பிரிவு வேறு. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவனக்குறைவால் உயிருக்கோ உடம்புக்கோ கேடு வந்தால் இப்படி எழுதித் தப்பிக்க முடியாது, பொருள் இழப்புக்கும் அந்தப் பிரிவு நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். அந்த அடிப்படையில் வாதாட முடியுமா என்று நம் ஊர்ச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: இந்த நிறுவனங்களில் பலவும் தாங்களே குத்தகைக்கு இருப்பவை. 2023 நவம்பரில் வீவொர்க் என்ற பகிர்வு அலுவலக நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு போட்டபோது பல கட்டிடங்களின் குத்தகையைக் கைவிட்டது. அப்படி நடந்தால் உள்ளே இருப்பவர்களும் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

விரிவாக டிப்ஸ் எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும். சான்றிதழைக் கிட்டே போய்ப் படியுங்கள், தளமும் தேதியும் பாருங்கள். அவசரக் கதவைச் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாள் போய்த் தள்ளிப் பாருங்கள். "கவர் ஆகும்" என்று வாயால் சொன்னதை மெயிலில் கேட்டு வாங்குங்கள், டெபாசிட் எப்போது, எதைக் கழித்துத் திரும்ப வரும் என்பதையும் சேர்த்து. ஆபத்து இருந்தால் குறைந்தபட்சக் காலம் பார்க்காமல் வெளியேறலாம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு இடம் பாருங்கள். வைஃபை எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் வாடிக்கையாளர் கோப்பைத் திறக்காதீர்கள். புகாரை ஆப்பில் மட்டும் போடாதீர்கள், கணக்கை மூடினால் அது நம் கையில் இருக்காது, எங்களுக்கு அப்படித்தான் ஆனது. போட்டோவோடு மெயிலும் அனுப்பி வையுங்கள்.