கரடி பொம்மை சொந்தக் காலில் நிற்க: பாதமா, மூட்டா, கம்பியா?

கையால் தைத்த டெடி கரடியை உட்கார வைப்பது எளிது. பின்பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் தானே உட்கார்ந்துகொள்ளும். நிற்க வைப்பதுதான் வம்பு. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தையல் தெரிந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பாதத்தில் அட்டை வை என்பார் ஒருவர், காலில் பஞ்சை இடித்து அடை என்பார் இன்னொருவர், உள்ளே கம்பி விடு, பின்னால் ஸ்டாண்ட் கொடு என்பவர்களும் உண்டு. எல்லாமே வேலை செய்யும். ஆனால் ஒவ்வொன்றும் சரிசெய்வது வேறு வேறு கோளாறை. அது புரியாமல் எதையாவது ஒன்றைச் செய்துவிட்டு, கரடி இன்னும் விழுகிறதே என்று அலுத்துக்கொள்வதுதான் அதிகம்.

முதலில், அது ஏன் விழுகிறது? டெடி கரடிக்குத் தலை பெரிது, மூக்கு வேறு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மொத்த எடையின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டால், அந்த நூல் இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடையே உள்ள இடமும் சேர்ந்த பரப்புக்குள் இறங்க வேண்டும். மூக்கின் கனத்தால் அது விரல் பக்கம் நகர்ந்துவிடுகிறது. மூட்டு வைத்த கரடி என்றால் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. இரண்டு கால்களும் இடுப்பில் ஒரே நேர்க்கோட்டு அச்சில் சுழல்கின்றன, உடம்பு முழுவதும் அந்த அச்சுக்கு மேலே நிற்கிறது. அதனால் பக்கவாட்டில் அது பெரும்பாலும் விழாது. முன்னால் குப்புற விழும், இல்லையென்றால் மல்லாக்க விழும்.

ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனம் 1900-களின் தொடக்கத்தில் செய்த கரடிகளின் படங்களைப் பார்த்தால் முதுகில் ஒரு திமில் தெரியும். நிஜக் கரடியின் சாயல் வருவதற்காக வைத்தது. ஆனாலும் முன்னால் இழுக்கும் மூக்குக்கு அது பின்னாலிருந்து ஈடு கொடுக்கிறது. வெட்டும்போதே முதுகைக் கொஞ்சம் புடைப்பாக விட்டால் உங்களுக்கும் அந்த லாபம் கிடைக்கும்.

சரி, பாதத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் வேலையில் முக்கால்வாசி இங்கேதான். பஞ்சு அடைத்த பாதம் எப்போதும் அடியில் உருண்டு வரும். உருண்ட அடியில் எதுவும் நிற்காது. உள்ளே தட்டையாக ஒரு தகடு வைத்து, அதன்மேல் பஞ்சை அடைத்தால் அடிப்பாகம் பலகைபோலப் படியும். பலர் வைப்பது அட்டை. டர்பன் கோடையின் ஈரப்பதத்தில் அட்டை நாளடைவில் நமத்து வளைந்துவிடும். இங்கே எந்த வீட்டில் காலி ஐஸ்கிரீம் டப்பா இல்லை? அந்த மூடியைப் பாத அளவுக்கு வெட்டி, முனைகளை மழுக்கி, இரண்டு அடுக்காக வையுங்கள். நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. முப்பது சென்டிமீட்டர் உயரக் கரடிக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் நீளப் பாதம் இருந்தால் நிம்மதி. கணுக்கால் நடுவில் வேண்டாம், கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கட்டும். அப்போதுதான் மூக்கின் பக்கம் பாதம் நீண்டிருக்கும். அடித்துணிக்கு ரோமம் உள்ளதைப் போடாதீர்கள், ஃபெல்ட் போதும். ரோமத்தின் மேல் நிற்கும் கரடி ஆடிக்கொண்டே இருக்கும்.

பாதத்தில் எடை போடுவது இதோடு சேர்ந்தது. குதிகாலில் கனம் ஏறினால் எடையின் மையம் கீழேயும் பின்னாலேயும் இறங்கும். கடற்கரை ஊர் என்பதால் மீன்பிடி சாமான் கடையில் தூண்டில் குண்டு மலிவாகக் கிடைக்கும், கை தானாக அங்கே போகும். அது ஈயம், நஞ்சு. பொம்மைக்குள் வேண்டவே வேண்டாம். சாதாரண இரும்புக் குண்டுமணி இந்த உப்புக்காற்றில் துருப்பிடித்து, வெளிர்நிறத் துணியில் பழுப்புக் கறையாக வெளியே வரும். கண்ணாடி மணிகளோ எவர்சில்வர் நட்டுகளோ போடலாம். எதுவானாலும் தனியாக ஒரு குட்டிப் பையில் தைத்து, அந்தப் பையை உள்ளே வையுங்கள்.

அடுத்தது மூட்டும் பஞ்சும். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. ஹார்டுபோர்டு வட்டுகளுக்கு நடுவே காட்டர் பின் (இரண்டு காலாகப் பிரியும் கம்பி ஊசி) போட்டு, குறடால் சுருட்டி இறுக்குவது பழைய முறை. போட்ட அன்று கெட்டியாகத்தான் இருக்கும். பாலியஸ்டர் பஞ்சு அமுங்க அமுங்க மூட்டு தளரும், ஒருநாள் கரடி உங்களுக்குக் கும்பிடு போடும். போல்ட்டும் பிளாஸ்டிக் வளையம் உள்ள லாக் நட்டும் போட்டு ஸ்பேனரால் முறுக்கினால் அந்தப் பிடி நிலைக்கும். கால் சுழல வேண்டும், ஆனால் இரண்டு கையால் திருப்பினால்தான் சுழல வேண்டும். அந்த அளவு இறுக்கம் சரி. கிளிக் என்று மாட்டும் பிளாஸ்டிக் மூட்டைத் துவைக்கலாம் என்பது நல்ல குணம். ஆனால் கிளிக் ஆன இடத்தோடு நின்றுவிடும், மேலே இறுக்க வழியில்லை. நிற்கும் கரடிக்கு அது தோதுப்படாது.

பஞ்சைக் கெட்டியாக அடைக்கத் துணியும் தாங்க வேண்டும். மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டு ரோமத் துணியின் பின்புறம் நெய்தது, எவ்வளவு இடித்தாலும் இழுபடாது. கடையில் மீட்டருக்கு வாங்கும் செயற்கை ரோமத்துணியின் பின்புறம் பெரும்பாலும் பின்னல். அடைக்க அடைக்கக் கணுக்கால் உப்பி, கால் பலூன் ஆகிவிடும். காலுக்கு வெட்டும் துண்டுகளில் மட்டும் பின்னால் ஒட்டும் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டினால் அந்தக் குறை தீரும். உலக மொஹேரில் பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்காவில்தான் விளைகிறது. 1838-ல் துருக்கியிலிருந்து வந்த அங்கோரா ஆடுகளின் வம்சம், கரூ வறட்டு நிலத்தில் மேய்கிறது. ரோமம் நம் நாட்டுடையதுதான், துணியாகி வரும்போது விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் பழகும்வரை செயற்கைத் துணியும் கேன்வாஸும் போதும்.

இனி கம்பி. “அக்கா, உள்ளே கம்பி விட்டால் நின்றுவிடும்தானே?” என்று கேட்காதவர் இல்லை. நிற்காது. கம்பி உடம்பை விறைப்பாக்கும். எடையின் மையத்தை நகர்த்தாது, பாதத்தைத் தட்டையாக்காது. உருண்ட பாதமும் கம்பி முதுகும் உள்ள கரடி வளையாமல் நேராக விழும், அவ்வளவுதான் வித்தியாசம். கம்பியின் உண்மையான பயன் வேறு. ஒரு கால் முன்னால் எடுத்து வைத்தது, கை உயர்த்தியது, தலை சாய்த்தது என்று பாவனை வேண்டும் என்றால் அதற்கு இணை கிடையாது. அலுமினியக் கம்பி எளிதாக வளையும், ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும். முனை துணியைத் துளைத்து வெளியே வரும். முனைகளைக் கொக்கியாக மடக்கி, மேலே துணி டேப் சுற்றினாலும் குழந்தை கையில் கொடுக்க எனக்கு மனசு வராது.

ஸ்டாண்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கோயில் விற்பனை மேஜையில் ஒருநாள் பூராவும் காற்றில் நிற்க வேண்டும் என்றால் இடுப்பைப் பிடிக்கும் கம்பி ஸ்டாண்டை வைத்துவிடுங்கள். வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அதைக் கழற்றியதும் கரடி சாய்ந்தால் பெயர் உங்களுக்குத்தான்.

என் தேர்வு: அலமாரிக்கு என்றால் பிளாஸ்டிக் தகடு, குதிகாலில் கண்ணாடி மணி, இடுப்பில் போல்ட் மூட்டு, கம்பி இல்லை. பாவனைக் கரடி என்றால் இவை அத்தனையும் செய்துவிட்டு அதற்கு மேல் கம்பி. முதல் பிறந்தநாள் பரிசு என்றால் மணி, நட்டு, போல்ட், கம்பி எதுவும் வேண்டாம். கால்களை உடம்போடு சேர்த்தே வெட்டி, தொடை மடியும் இடத்திலும் பஞ்சைக் கெட்டியாக அடைத்து, அகலப் பாதத்தோடு விடுங்கள். அதுவும் நிற்கும், கொஞ்சம் அசட்டுத்தனமாக.

முதுகுத் தையலை மூடுவதற்கு முன் கரடியைக் காய்கறி வெட்டும் பலகையில் நிறுத்தி, பலகையை நான்கு பக்கமும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். முன்னால் விழுந்தால் குதிகாலில் மணி கூட்டுங்கள். பின்னால் விழுந்தால் குறையுங்கள். இடுப்பில் மடங்கினால் நட்டை இன்னும் அரைச் சுற்று. ஆடிக்கொண்டே நின்றால் பாதத் தையலைப் பிரித்து, தகடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.