லான் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 18,500 ரூபாய் கொடுத்து கோரை வளர்க்கிறோம்

ரத்தம் கொதிக்கிறது. அதனால் முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் வீட்டு முன்னால் புல்தரை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு லான் வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். போனது 18,500 ரூபாய். அதை விட, நன்றாக இருந்த புல்லும் போனதுதான் வயிற்றெரிச்சல்.

வீடு நத்தம் சாலையில், ஊமச்சிகுளம் பக்கம். முன்பக்கம் சுமார் 600 சதுர அடி கொரியன் புல், அப்பா ஓய்வுபெற்ற பிறகு பார்த்துப் பார்த்து வளர்த்தது. மார்கழியில் அது வளர்ச்சி குறைந்து மங்கிவிடும், அடியில் காய்ந்த சருகு அடை அடையாகச் சேர்ந்துவிடும். தை மாதத்தில் அதை வாரி எடுத்து, ஒட்ட வெட்டி, சலித்த செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் மெல்லிசாகத் தூவி, தண்ணீர் காட்டினால் மாசியில் தானாகத் துளிர்க்கும். வருஷா வருஷம் அப்பாவே செய்வார். இந்த முறை முட்டி வலி, குனிய முடியவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் 'வசந்தகால லான் பேக்கேஜ்' என்று வந்தது. மதுரைக்கு ஏது வசந்தகாலம் என்று அப்பா அப்போதே சிரித்தார்.

பார்க்க வந்தவர் அப்படி ஒரு தன்மையான ஆள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் புல்லில் கால் வைத்தார். பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரையில் குத்தினார். பாதி கூட இறங்கவில்லை. "பாருங்கக்கா, மண்ணு இறுகிக் கெடக்கு. வேருக்கு மூச்சே இல்ல. மெஷின் வச்சு ஓட்டை போட்டு மண்ணைக் கிளப்பிவிட்டாத்தான் எடுக்கும்" என்றார். சொன்னது உண்மைதான், அதுதான் கொடுமை. வருஷக்கணக்கில் மிதிபட்ட தரை இறுகத்தான் செய்யும், ஓட்டை போடுவது நல்ல வைத்தியம்தான். அப்பாவுக்கே அவரைப் பிடித்துப்போனது. அம்மா காபி கொடுத்தார். நெல்லி மரத்துக்கு என்ன உரம் வைக்கலாம் என்று அவர் இலவசமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே 18,500 ரூபாயை முழுசாகச் செயலியில் கட்டினோம், முன்பணம் என்று பிரித்துக் கட்ட அதில் வழியே இல்லை. "கவலைப்படாதீங்கப்பா, பசங்க வந்துருவாய்ங்க" என்று அப்பாவிடம் போனிலும் சொன்னார்.

பசங்க வந்தாய்ங்க. மெஷின் வரவில்லை. ரெண்டு கடப்பாரையை வைத்துக்கொண்டு அங்கங்கே குத்திவிட்டு, "மெஷின் வேற சைட்ல இருக்குக்கா" என்றார்கள். இருட்டுகிற நேரத்தில் டிராக்டரில் மண் வந்து இறங்கியது. செம்மண் இல்லை, ஏதோ கண்மாயில் அள்ளிய கறுப்பு மண், சலிக்கவே இல்லை. கேட்டதற்கு "இதுதான்க்கா சத்து" என்று ஓரங்குலத்துக்குக் கொட்டி நிரவிவிட்டார்கள். மேலே 'இறக்குமதி விதை' என்று ஒரு பாக்கெட்டைத் தூவினார்கள். பையைக் கேட்டேன், கத்தரித்துப் போட்டாச்சு என்றார்கள்.

ஒரு வாரத்தில் மெல்லிசாக, பளிச்சென்று பச்சை. தெருவே நின்று பார்த்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ஐந்து நட்சத்திரம் கேட்டு செய்தி வந்தது, அப்பா சந்தோஷமாகப் போட்டுவிட்டார். மாசி வெயில் ஏறியதும் அந்தப் பச்சை அப்படியே வெளுத்துச் சாய்ந்தது. ஒத்தக்கடை பக்கம் நர்சரி வைத்திருக்கும் தெரிந்தவருக்குப் படம் அனுப்பினேன். ரை புல்லாம். 15 முதல் 24 டிகிரி வரைக்கும் சுகமாக வளர்கிற குளிர்நாட்டுப் புல். கொரியன் புல்லும் அருகம்புல்லும் 30 டிகிரியில்தான் சுறுசுறுப்பாகும், இது அப்போது செத்துப்போகும். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய கையேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன்: "உறைபனி விலகி, மண் 10 டிகிரியைத் தாண்டியதும் விதைக்கவும்." ஊமச்சிகுளத்தில் உறைபனி! எந்த ஊர் ஆளுக்கோ எழுதியதைத் தமிழாக்கி நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அதோடு போகவில்லை. அந்தக் கண்மாய் மண்ணில் கோரைக் கிழங்கு இருந்திருக்கிறது. இப்போது தரை முழுக்க கோரை. பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வருகிறது, கிழங்கு உள்ளே சங்கிலியாக ஓடி அடுத்த முளை விடுகிறது. அப்பாவின் கொரியன் புல் அந்த மண்ணுக்கு அடியில் மூச்சு முட்டிக் கிடக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். அந்த ஆளைக் கூப்பிட்டால், "தண்ணி சரியா விட்டீங்களாக்கா?" விட்டோம் என்றால், "அப்ப அதிகமா விட்டிருப்பீங்க." அடுத்த தடவை, "ஆப்ல கேளுங்கக்கா, பணம் அவங்ககிட்டத்தான போச்சு." செயலியில் கேட்டால், "நாங்கள் இணைத்து மட்டுமே விடுகிறோம், சேவைக்கு அவரே பொறுப்பு." புகார் எண் கொடுத்தார்கள், 48 மணி நேரத்தில் அழைப்பதாகச் சொன்னார்கள். அழைக்கவில்லை, புகாரை மட்டும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்ததற்கு 500 ரூபாய் கூப்பன், அதுவும் அடுத்த லான் பேக்கேஜுக்கு மட்டும் செல்லுமாம்! 18,500-க்கு 500. "எங்களிடம் உங்கள் ஐந்து நட்சத்திரம் இருக்கிறதே" என்று ஒரு பெண் குரல் கேட்டபோதுதான் அந்தச் செய்தி ஏன் முதல் வாரமே வந்தது என்று விளங்கியது. நேற்று முதல் அந்த ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்குள் கொடுத்த தொகை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: மண்ணைப் பகலில் இறக்கச் சொல்லுங்கள், ஒரு கூடை சலித்துப் பார்த்துக் கறுப்பாக உருண்டையாகக் கிழங்கு தென்பட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். கொரியன் புல்லுக்கு விதை தேவையே இல்லை, சொட்டையான இடத்தில் அதே புல்லில் ஒரு துண்டைப் பெயர்த்து வைத்தால் பரவிக்கொள்ளும். அதையும் மீறி யாராவது விதை என்றால், புல்லின் பெயரும் முளைப்புத் திறனும் பரிசோதனைத் தேதியும் போட்ட பையைப் படம் எடுத்துக்கொண்டு பிறகு பிரிக்க விடுங்கள். மெஷின் வாசலுக்கு வராமல் முழுப் பணமும் போகக் கூடாது. நட்சத்திரத்தைச் சித்திரைக்கு அப்புறம் போடுங்கள்.